மடத்துக் காரு நிக்காத கதை

மலையடிவாரத்துல ஊத்துமடம்னு ஒண்ணு. மடம்னதும் பெருசா நெனைச்சுக்காதீங்க. ஓட்டுக் கொட்டகை ஒண்ணு, கோடையிலயும் வத்தாத ஊத்து ஒண்ணு, சாமி ஒருத்தர், சீடர் ஒருத்தர். அம்புட்டுத்தான் மடம்.

சாமிக்கு வயசு நாப்பது. சீடர் வைரவனுக்கு அறுபது தாண்டியாச்சு. நரைச்ச தாடி, நெத்தி நெறைய விபூதி, கோயில் யானை கணக்கா ஒரு நடை. புதுசா வர்றவங்க நேரா வைரவன் கால்லதான் போயி விழுவாங்க. அவரும் தடுக்க மாட்டாரு. "நல்லாருங்க, நல்லாருங்க"ன்னு ரெண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதத்தை முழுசா முடிச்சிட்டு, அப்பறந்தான் மெதுவாச் சொல்லுவாரு.

"சாமி நான் இல்லப்பா. அந்தா, வாளியில தண்ணி மொண்டுக்கிட்டு இருக்காரே, அவரு."

மடத்துக்கு வாரதுக்கு முந்தி வைரவன் தரகர். அவங்கப்பா மாட்டுத் தரகு, இவரு காருத் தரகு. ஓடாத காரை ஓடுதுன்னும், ஓடுற காரைப் பறக்குதுன்னும் சொல்லி வித்த வாயி. அப்பேர்ப்பட்ட மனுசன் மடத்துக்குன்னு ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கியாந்தாரு. வித்தவனும் தரகன்தான். கொக்குக்கே மீனைக் காட்டி ஏமாத்துன மாதிரி, தரகன் தலையிலயே கட்டிவிட்டுட்டான்.

சமதரையில அந்தக் காரு பால் குடிக்கிற பிள்ளை. மலை ஏறும்போதுதான் அதோட கொணம் தெரியும். "உம்ம்ம்ம்"னு சீராப் போய்க்கிட்டே இருக்கும். இருமல் கிடையாது, விக்கல் கிடையாது. திடுதிப்புனு ஒரு "க்ளுக்." அவ்வளவுதான், இஞ்சின் செத்துரும். ஒரு வெத்தலையை மடிச்சுப் போட்டு மென்னு துப்புற நேரம் சும்மா நின்னா, சாவியைத் திருப்புனதும் "உம்ம்ம்ம்." எங்கடா போயிருந்தேன்னு கேட்டா, நானா, இங்கதான இருந்தேன்னு சொல்ற மூஞ்சியோட நிக்கும்.

தெனமும் நின்னாக்கூட ஒரு வழி பண்ணலாம். ஒரு நாள் நிக்கும், அப்பறம் ரெண்டு வாரம் நிக்காது. வைத்தியர் வாசலை மிதிச்சதும் பல்வலி பறந்துரும் பாருங்க, அதே மாதிரி மெக்கானிக் கடைக்குப் போனா அதுக்கு ஒரு நோவும் இருக்காது.

மொத மெக்கானிக் வயசாளி. காதுல கையை வச்சுக் கேட்டுட்டு, "பம்ம்பு. பம்பு போச்சு"ன்னாரு. மாத்துனாங்க. நின்னுச்சு.

ரெண்டாவது ஆளு படபடப்பு. "எவண்ணே பம்புல கை வச்சது? அவன் கையில சூடு வைக்கணும்ணே! இது வயருண்ணே வயரு, சின்னப் பிள்ளைக்குத் தெரியும்ணே!" வயரெல்லாம் மாத்துனாங்க. நின்னுச்சு.

மூணாவது ஆளு கம்ப்யூட்டர் வச்சிருந்தான். அதைச் சொருகிப் பாத்துட்டு, மூக்குக் கண்ணாடியை மேல தள்ளி, "எல்லாம் பச்சை காட்டுது சார். வண்டியில ஒண்ணுமில்ல. ஓட்டுறவங்க கொஞ்சம் பக்குவமா..."ன்னு இழுத்தான்.

மூணு பேருமே சொல்லி வச்ச மாதிரி ஒரு சபதம் போட்டாங்க. "இனிமே நின்னா என் பேரை மாத்தி வச்சுக்கங்க." இப்ப அந்த மூணு பேருக்கும் வைரவன் வாயில வேற பேரு. அதை மடத்துக்குள்ள வச்சுச் சொல்ல முடியாது.

ஒரு நா சாயங்காலம் வைரவன் காரோட பின்பக்கத்தைத் தொறந்து, உள்ள கிடந்த கருங்கல்லை உருட்டி எறக்கிக்கிட்டு இருந்தாரு. மேட்டுல வண்டி நின்னா பின்னால போகாம டயருக்கு அணை குடுக்குற கல்லு அது. சாமி வாளியோட அந்தப் பக்கமா வந்தாரு.

"கல்லை ஏன் எறக்குறீங்க வைரவரே?"

"வண்டியை வித்துரலாம்னு சாமி. மேல மலையில, ஏலக்காத் தோட்டத்து மேஸ்திரி, சன்னாசின்னு பேரு. நாளைக்கு வாராரு."

"கல்லைக் குடுக்கலையா அவருக்கு?"

"கல்லு எதுக்கு சாமி அவருக்கு?"

சாமி சிரிக்கல. வைரவன்தான் சிரிச்சு வச்சாரு. சிரிப்பு பாதியில நின்னுபோச்சு, அவரு காரு மாதிரியே.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"எங்கப்பா சொல்லிக் குடுத்தது. மாட்டுச் சந்தையில ஒரு தர்மம் இருக்கு. கேட்டதுக்குப் பொய் சொல்லக்கூடாது. கேக்காததுக்கு வாயத் தொறக்கக்கூடாது. பல்லைப் பிடிச்சுப் பாரு, சுழியைப் பாரு, நடக்க விட்டுப் பாரு. பாக்காம விட்டா அது வாங்குறவன் கண்ணு பண்ணுன குத்தம். வித்தவன் வாயில குத்தமில்ல. நான் இதுலயே வளந்தவன். சொல்லுங்க சாமி, கேக்காததைச் சொல்லாம இருந்தா பாவமா?"

சாமி வாளியைக் கீழ வச்சாரு.

"நாளைக்கு நானும் வண்டியில வாரேன்."

"எதுக்கு சாமி?"

"காத்தாட."

அன்னிக்கு வைரவனுக்குத் தூக்கம் வரல. காத்தாடணும்னா மடத்துக்குள்ளயே வேண்டிய மட்டும் காத்து இருக்கு, இந்த மனுசன் எதுக்கு வாராருன்னு பொரண்டு பொரண்டு படுத்தாரு.

மறுநா காலையில சன்னாசி வந்தாரு. ஒல்லி ஆளு, கலகலன்னு பேச்சு. கூட அவரு சம்சாரம் பொன்னழகும் வந்திருந்தா. பஸ்ஸை விட்டு எறங்கி நடந்து வந்த களைப்புல வேப்பமரத்து நெழல்ல கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் உள்ள வந்தா. வந்ததும் ரெண்டு பேரும் நேரா வைரவன் கால்லதான் குனிஞ்சாங்க.

அன்னிக்கு மட்டும் வைரவன் காலை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு. "சாமி அங்க இருக்காரு, அங்க இருக்காரு!"

சன்னாசி வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாரு.

"டயரு எப்படிண்ணே?"

"பின்னால ரெண்டும் புதுசு. முன்னால வலதுகைப் பக்கம் மொட்டை. மாத்தணும்."

"எங்கயாச்சும் இடிபட்டுச்சா?"

"இடதுபக்கக் கதவு. ஒரு எருமை மேல ஒரசிருச்சு. எருமைக்கு ஒண்ணுமில்ல."

"ஆயில் குடிக்குமா?"

"குடிக்காது."

"புகை?"

"அடிக்காது."

"சத்தம் எப்படி?"

வைரவன் சாவியைத் திருப்புனாரு. "உம்ம்ம்ம்." தேனீ கெட்டுது போங்க.

சன்னாசி மூஞ்சியில அம்புட்டு சந்தோசம். "எனக்கும் நாலு தரகரைத் தெரியும்ணே. மொட்டை டயரை மொட்டைன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

வைரவன் துண்டால மொகத்தைத் தொடைச்சாரு. வேர்வையே இல்ல, இருந்தும் தொடைச்சாரு. ஒவ்வொரு கேள்வி வரும்போதும் அவருக்கு ஒரே நெனப்பு: இப்பக் கேட்டுருவாரு, இப்பக் கேட்டுருவாரு. ஆனா அந்த ஒரு கேள்வி வரவே இல்ல. எப்படி வரும்? காரு வாங்குறவன் ஓடுமான்னு கேப்பான். நிக்குமான்னு எவன் கேப்பான்?

சன்னாசி வெத்தலையில அச்சாரத்தை வச்சு வைரவன் கையில குடுத்தாரு. அச்சாரம் கை மாறிட்டா பேச்சு மாறக்கூடாது. அதுவும் சந்தைத் தர்மந்தான்.

"மேட்டுக்கடை வரைக்கும் நீங்க ஓட்டுங்கண்ணே, ரோடு பழகுன ஆளு. அங்கருந்து எங்க வீட்டுக்கு நாலே வளைவு, நான் ஓட்டிக்கிறேன். நீங்களும் சாமியும் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுத்தான் திரும்பணும்."

மலை மேலயா? வைரவன் மனசுக்குள்ள கணக்குப் போட்டாரு. மாட்டேன்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா பதில் சொல்லணும்.

"அதுக்கென்ன தம்பி, போவமே"ன்னாரு.

சன்னாசி முன்னால ஏறுனாரு. சாமியும் பொன்னழகும் பின்னால. வண்டி கெளம்புச்சு.

மொத வளைவு. "உம்ம்ம்ம்." ரெண்டாவது வளைவு. "உம்ம்ம்ம்." வைரவன் காது ரெண்டும் முயல் காதாட்டம் நீண்டுபோச்சு. மலையில குருவி கத்துறது அவருக்குக் கேக்கல, சன்னாசி பேசுறது கேக்கல. இஞ்சின் ஒண்ணுதான் கேக்குது. உதடு மட்டும் ஆடுது. நிக்காத தாயி. நிக்காத. இன்னிக்கு ஒரு நாளு நிக்காத.

"க்ளுக்!"

வைரவனுக்கு உசுரு தொண்டைக்கு வந்துருச்சு. காலு தானா பிரேக்குக்குப் போச்சு.

"தூக்குச்சட்டி சாமி"ன்னா பின்னாலருந்து பொன்னழகு. "மூடி சரியாச் சேரல."

வண்டி போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. போன உசுரு வைரவனுக்குத் திரும்பி வர ஒரு வளைவு ஆச்சு.

"ஒடம்புக்கு என்னம்மா?" சாமி கேட்டாரு.

"கிட்னி சாமி. வாரத்துல ரெண்டு நாளு டவுன் ஆஸ்பத்திரியில ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். இனி நாளைக்கழிச்சு காலையில பத்து மணிக்கு அங்க இருக்கணும். அதுக்குத்தான் இந்தக் காரு. பஸ்ஸு வந்தா உண்டு, வராட்டி இல்ல. போன மாசம் மழையில பஸ்ஸு வரல. ஒரு தடவைதான் விட்டுப்போச்சு. அன்னிக்கு ராத்திரி மூச்சு முட்டி, காலெல்லாம் வீங்கி, அம்புட்டுத்தான் நம்ம கணக்கு முடிஞ்சுதுன்னு நெனைச்சேன்."

சாதாரணமாச் சொன்னா, சந்தைக்குப் போயிட்டு வந்ததைச் சொல்ற மாதிரி.

வைரவன் கண்ணாடியில பாத்தாரு. ரத்தம் சுத்தம் பண்ண ஊசி குத்துற எடதுகையைப் பொன்னழகு சேலைத் தலைப்பால மூடி மடியில வச்சிருந்தா. பக்கத்துல சாமி சன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு இருந்தாரு. காத்தாடுறாராம்.

"அதான்ணே," சன்னாசி முன்னாலருந்து சொன்னாரு, "வயசு நாப்பத்தஞ்சுல வண்டி ஓட்டிப் பழகுனேன். லைசென்ஸே இப்பத்தான் வந்துச்சு. ஏத்தத்துல நிறுத்தி எடுக்கத்தான் இன்னும் கை நடுங்கும். நல்ல வண்டியா அமைஞ்சா ஏன் நிக்கப் போகுது, இல்லண்ணே?"

வைரவன் வாயத் தொறந்தாரு. மூடிக்கிட்டாரு. கேள்வி மாதிரிதான் இருந்துச்சு. ஆனா கேள்வி இல்லன்னு அவரே முடிவு பண்ணிக்கிட்டாரு.

இந்த ரோடு அவருக்கு அத்துப்படி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இஞ்சின் செத்தா பிரேக்கு கல்லாயிரும், ஸ்டீரிங்கும் கல்லாயிரும். வைரவன் நின்னுருக்காரு இந்த ஏத்தத்துல, ரெண்டு காலையும் பிரேக்குல ஊனி, கல்லைத் தேடி. பழகுன காலுக்கே அன்னிக்குத் தொடை ஆடிப்போச்சு.

மேட்டுக்கடை வந்துச்சு. வண்டி நிக்கவே இல்ல. டீக்கடை ஓரமா வைரவன் நிறுத்துனாரு. அவரா நிறுத்துனப்பதான் அன்னிக்கு அது நின்னுச்சு.

"சூப்பருண்ணே! அலுங்காம குலுங்காம!" சன்னாசி எறங்கி இந்தப் பக்கமா வந்து கையை நீட்டுனாரு. "சாவியைக் குடுங்க. இனிமே நம்ம வண்டி."

பொன்னழகு பின்னாலருந்து எறங்கி முன்சீட்டுக்கு வந்தா. புருசன் ஓட்டுற மொத சவாரி. பக்கத்துல உக்காரணுமில்ல?

சாமியும் எறங்குனாரு. துண்டைத் தோள்ல போட்டாரு.

"நீங்க ஏறுங்க சாமி, வீடு மேலதான்."

"நீ ஓட்டிட்டுப் போப்பா. நான் நடந்து வாரேன்."

சன்னாசி மொகம் வாடிருச்சு. "என் ஓட்டு மேல நம்பிக்கை இல்லையா சாமி?"

"உன் ஓட்டுக்கு என்ன? நல்லா ஓட்டுவ."

"அப்பறம்?"

சாமி ரோட்டோரம் இருந்த சிமிண்டுக் கட்டையில போயி உக்காந்துக்கிட்டாரு.

சன்னாசி சாமியைப் பாத்தாரு. வண்டியைப் பாத்தாரு. வைரவன் பக்கம் திரும்புனாரு.

"அண்ணே. வண்டியில எதாச்சும் இருக்கா?"

கேட்டாச்சு.

வைரவன் தரகர்ல? வாய் பழக்கத்துல ஓடப் பாத்துச்சு. "என்ன இருக்கணும்ங்கற தம்பி? ஏறி வந்தியே, என்ன பாத்த? அதான வண்டி"ன்னு அழகா ஒரு பேச்சு நாக்கு நுனிக்கு வந்துருச்சு. அந்த நேரம் பாத்து பொன்னழகு முன்சீட்டுல உக்காந்து கதவை இழுத்தா. ஒரு கையால இழுக்க முடியல. மறுகையைக் குடுக்கவும் பயம். ரெண்டு தடவை இழுத்தும் கதவு சேரல.

"தம்பி," ன்னாரு வைரவன். "அவங்களை எறங்கச் சொல்லு."

"ஏண்ணே?"

"வண்டி நிக்கும்."

"எங்க?"

"ஏத்தத்துல. உம்முன்னு போய்க்கிட்டே இருக்கும், க்ளுக்குனு செத்துரும். எப்ப நிக்கும்னு தெரியாது. ஏன் நிக்குதுன்னும் தெரியாது. மூணு மெக்கானிக் பாத்தாச்சு. பம்பு மாத்தியாச்சு, வயரு மாத்தியாச்சு. பின்னால ஒரு கல்லு கிடக்கும், நேத்து நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். இந்தா உன் அச்சாரம். பிடி."

பொன்னழகு மெதுவா எறங்குனா.

சன்னாசி அச்சாரத்தை வாங்கல. வைரவனையே பாத்துக்கிட்டு நின்னாரு. பொறவு சாவியை வாங்கித் திருப்புனாரு.

"உம்ம்ம்ம்."

"நிக்குதா?"

"இப்ப நிக்காது தம்பி..."

"இம்புட்டு வளைவு ஏறி வந்துச்சே, நின்னுச்சா?"

"இன்னிக்கு நிக்கல..."

"நல்லாருக்குண்ணே கதை." சன்னாசி குரல் மாறிருச்சு. "கீழ வச்சு ஆயில் குடிக்காது, புகை அடிக்காதுன்னீங்க. அச்சாரம் வாங்குனீங்க. இப்ப மேல வந்ததும் நிக்கும்ங்குறீங்க. எவனோ கூட வெலை வச்சுக் கேட்டுருக்கான். அவனுக்குக் குடுக்கணும், என்னைக் கழட்டி விடணும். அதான?"

"சத்தியமா இல்ல தம்பி!"

"தரகன் சத்தியம்!"

வைரவனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. எத்தனை பொய்யை இந்த வாயி வித்திருக்கு! ஒருத்தன், ஒரே ஒருத்தன் சந்தேகப்பட்டிருப்பானா? இன்னிக்கு ஒரு நெசத்தைச் சொல்லுது, வாங்க ஆளில்ல.

"வா, ஏறு. காட்டுறேன்"னாரு.

பொன்னழகு டீக்கடை பெஞ்சுல உக்காந்தா. வைரவனும் சன்னாசியும் மட்டும் மேல போனாங்க. உள்ளதுலயே செங்குத்தான ஏத்தம் எதுவோ அதுல வைரவன் வண்டியை விட்டாரு. கீழருந்து வரும்போது நிக்காத தாயின்னு வேண்டுன அதே வாயி, இப்ப "நில்லு தாயி. உன் கால்ல விழுறேன், நில்லு. ஒரே ஒரு தடவை நில்லு"ன்னு கெஞ்சுது. அது கேக்குமா? கெழட்டுக் குதிரைக்குக் கல்யாண ஊர்கோலத்துல வீரம் வந்த மாதிரி சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது. திருப்பிக் கொண்டாந்தாரு. மறுபடி ஏத்துனாரு. ஸ்டீரிங்கைக் குத்துனாரு. "நின்னு தொலையேன்டி!"ன்னு கத்துனாரு. "உம்ம்ம்ம்." டீக்கடையில டீ குடிச்சவங்க எல்லாம் கிளாசைக் கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தாங்க.

திரும்பி வந்து எறங்குனப்ப வைரவன் சட்டை நனைஞ்சிருந்துச்சு. சன்னாசி கதவை அறைஞ்சு சாத்துனாரு.

"போதும்ணே உங்க நாடகம். அச்சாரம் வாங்கியாச்சு. வண்டி என்னுது. சாமியைக் கேக்கலாம்னா அவரும் உங்க மடத்து ஆளு. சாவியை எடுங்க."

"தம்பி, நான் சொல்றதைக் கேளு..."

"சாவி!"

வைரவன் சாவியைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. சன்னாசி அவரு மணிக்கட்டைப் பிடிச்சாரு. டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு எழுந்து வந்தாரு. சாமி கட்டையை விட்டு அசையல.

"ஏங்க." பொன்னழகு குரல் பெஞ்சுலருந்து வந்துச்சு. சத்தமாக்கூட இல்ல. "கையை விடுங்க."

"நீ சும்மா இரு. இவரு நம்மளை ஏமாத்தப் பாக்குறாரு. நல்லா ஓடுற வண்டியைப் போயி..."

"நானும் நல்லாத்தான நடந்தேன்."

சன்னாசி திரும்பிப் பாத்தாரு.

"ஒடம்பு முடியலன்னு உங்ககிட்ட எத்தனை நாளு சொன்னேன்? என்ன சொன்னீங்க? தண்ணி சுமக்குற, தோட்டத்துக்கு வார, நல்லாத்தான இருக்கேன்னீங்க. உங்க அம்மா வேலைக்குக் கள்ளம்னாங்க. ஆஸ்பத்திரி வாசலுக்கும் நான் நடந்துதான போனேன்? டாக்டரம்மா சொல்ற வரைக்கும் நீங்க நம்பலையே."

டீக்கடை அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சுச்சு. அதை யாரும் எறக்கல.

"இவரு நம்மகிட்டச் சொல்லிட்டாரு," ன்னா பொன்னழகு. "நம்புங்க."

சன்னாசி கை தளந்துச்சு. வைரவன் வெத்தலையோட அச்சாரத்தை நீட்டுனாரு. வெத்தலை கசங்கிக் கருத்துப் போயிருந்துச்சு. சன்னாசி வாங்கிப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. வாங்கும்போது வைரவன் மொகத்தைப் பாக்கல.

"வீட்டுல சோறு ஆக்கி வச்சிருக்கு"ன்னாரு, சாமியைப் பாத்து.

"இன்னொரு நாளைக்கு வாரோம்பா."

ரெண்டு பேரும் மேல நடந்தாங்க. தூக்குச்சட்டி சன்னாசி கையில. பொன்னழகு கொஞ்ச தூரம் போவா, இடுப்புல கையை வச்சு நிப்பா. சன்னாசியும் கூட நிப்பாரு. பொறவு ரெண்டு பேரும் நடப்பாங்க. வளைவு திரும்புற வரைக்கும் வைரவன் பாத்துக்கிட்டே நின்னாரு.

அதுக்கப்பறம் சாமி பக்கம் திரும்புனாரு. கண்ணு செவந்திருந்துச்சு.

"சாமி. சொல்லிட்டேன்."

"ஆமா."

"சொல்லி என்ன ஆச்சு? என்னைத் திருடனாப் பாத்துட்டுப் போறாரு. வண்டியும் விக்கல. சரி, நான் கெட்டுப் போறேன். அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? காலையில வரும்போது அதுக்கு ஒரு காரு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. மறுபடியும் அந்தப் பஸ்ஸுக்குத்தான் நிக்கணும். சொல்லாம விட்டிருந்தா ஏமாத்துனேன்னு ஆகும். சொன்னதுல மட்டும் அதுக்கு என்ன கெடைச்சுது?"

சாமி எழுந்து வந்து வண்டிக் கதவைத் தொறந்தாரு. இந்தத் தடவை முன்சீட்டு.

"மறுபடி எப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும் அந்தம்மா?"

"நாளைக்கழிச்சு. காலையில பத்து மணிக்கு அங்க இருக்கணுமாம்."

"நாளைக்கழிச்சு மடத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"எனக்கென்ன வேலை, ஊத்துல பாசி வழிக்கணும், அம்புட்டுத்..." வைரவன் பேச்சு அறுந்துபோச்சு. சாமியைப் பாத்தாரு. காரைப் பாத்தாரு. "சாமி! இதுலயா? இந்த மலையிலயா? என்ன சொல்றீங்க, நடுவழியில நிக்குமே சாமி இது!"

சாமி உள்ள உக்காந்து, கதவை இழுத்துச் சாத்துனாரு.

"நிக்கும்னு தெரிஞ்சவர் கொஞ்சம் முன்னாடியே கெளம்புங்க வைரவரே."